கியோட்டோவில் தேநீர் கற்ற பத்து வாரங்கள்

சில வாரப் பயணமாக ஜப்பான் போகிறவர்கள் அங்கே ஒரு கலையைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முழுதாக முடியாது. ஆனால் அங்கே எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை உடம்பால் தெரிந்துகொண்டு வரலாம். எனக்கு அதுவே பெரும் பேறு.

2019 மார்ச் கடைசியிலிருந்து பத்து வாரம் கியோட்டோவில் இருந்தேன். உராசென்கே மரபைச் சேர்ந்த, எண்பதை நெருங்கும் ஓர் அம்மையார் தம் வீட்டிலேயே தேநீர்க் கலை, அதாவது விருந்தினருக்கு முறைப்படி தேநீர் கலந்து தரும் கலை, சொல்லித்தந்தார். வாரம் இரண்டு வகுப்பு. முதல் நாளே மாச்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியைக் கரைக்கச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். கையில் ஒரு சிவப்புப் பட்டுத் துணியைக் கொடுத்தார். தேநீர்ப் பாத்திரங்களைத் துடைக்கும் துணி, ஃபுகுசா என்று பெயர். பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்கு ஊதா. மூன்று வாரம் அதை மடித்தேன், பிரித்தேன், மீண்டும் மடித்தேன். இப்படித் துண்டு துண்டாகப் பழகுவதை வரிகெய்கோ என்கிறார்கள். ஏன் இப்படி மடிக்க வேண்டும் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே "மோ இச்சிதோ" என்பார். இன்னொரு முறை. சிறுவயதில் சரளி வரிசையை மாதக்கணக்கில் வாசித்தவளுக்கு இது புதிதல்லதான். இருந்தும் பொறுமை வரவில்லை.

தரையில் சம்மணமிட்டு வளர்ந்த நமக்கு உட்காருவது எளிது என்று எண்ண வேண்டாம். அங்கே செய்ஸா, நம் வஜ்ராசனம் போன்ற இருப்பு. நான்காம் வாரம், கிண்ணம் அலசிய நீரை ஊற்றும் பாத்திரத்தோடு எழுந்தபோது பாதம் இருப்பதே தெரியவில்லை. சாய்ந்துவிட்டேன். தண்ணீர் தாத்தாமிப் பாயில் கொட்டியது. அம்மையார் முழங்காலாலேயே நகர்ந்து வந்து, பாயின் இழை ஓடும் திசையில் துடைத்தார். ஒரு சொல் இல்லை. பிறகு என் பக்கத்தில் அமர்ந்து, எழுவதற்கு முன் கால்விரல்களை மடக்கி ஊன்றிக் குதிகால்மேல் சற்றுக் காத்திருப்பதைச் செய்து காட்டினார். மன்னிப்புக் கேட்க நான் தேடி வைத்திருந்த ஜப்பானியச் சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

ஏப்ரல் முடியும்போது கைக்கு ஓர் ஒழுங்கு வந்திருந்தது. எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போயிற்று. மே மாத முதல் வகுப்புக்குப் போனால் அடுப்பையே காணோம்! நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் பதித்த குழியடுப்பு. மே முதல் அக்டோபர் வரை குழியை மூடிவிட்டு, விருந்தினர்மேல் அனல் படாதபடி தள்ளி ஒரு கணப்பை வைக்கிறார்கள். உட்காரும் கோணம், மூங்கில் கரண்டியை வைக்கும் விதம் எல்லாம் மாறிவிட்டன. எனக்கு அழுகை வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த அவரும் அன்று கரண்டியை மெல்ல வைத்து, சற்று நிறுத்தி, மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தார். அந்தக் கையை இன்றும் மறக்கவில்லை.

மாதக் கடைசியில் ஃபுகுயிக்குப் போய், எய்ஹெய்ஜி மடத்தில் ஓரிரவு தங்கினேன். 1244-ல் தோகென் என்ற துறவி நிறுவிய, ஜென் பௌத்தத்தின் சோத்தோ மரபு மடம். தியானம் என்ற வடசொல் சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. போதி தருமரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்று சீன மரபிலேயே ஒரு வழக்கு உண்டு. இந்தப் பெருமையெல்லாம் மனத்தில் இருந்தது. இளந்துறவி பேசியதோ முதுகெலும்பைப் பற்றி. சுவரைப் பார்த்து உட்காருங்கள், கண்ணைப் பாதி திறந்து வையுங்கள், வலக்கைமேல் இடக்கை, கட்டைவிரல் நுனிகள் தொட்டும் தொடாமலும். எதைத் தியானிப்பது என்று கேட்டேன். பிரிந்திருந்த என் கட்டைவிரல்களைச் சேர்த்து வைத்துவிட்டு நகர்ந்தார். ஊதுவத்தி எரிந்து முடிய நாற்பது நிமிடம்.

போகிறவர்களுக்கு ஒன்று: ஒரு மணி நேரச் சுற்றுலா வகுப்புகளாகத் தேடி அலைவதைவிட, ஒரே ஆசிரியரிடம் திரும்பத் திரும்பப் போங்கள். வெள்ளைக் காலுறை எடுத்துச் செல்லுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், கிண்ணம் கீறும்.

* * *

அக்கா, நீங்கள் மேலே எழுதிய மே மாதத்து அடுப்பைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஜப்பானின் செண்டாய் நகர நினைவு வந்துவிட்டது. முதுகலை படிக்கப் போன இடத்தில் இரண்டு ஆண்டு கியூதோ பழகினேன், ஜப்பானிய வில்வித்தை. தொடக்கத்தில் ரப்பர் பட்டை கட்டிய குச்சிதான் வில். பிறகு இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள உண்மையான வில் கைக்கு வந்தது. எதிரே ஒரு வில் நீளத் தொலைவில் வைக்கோல் கட்டு. குறி தவறவே வழியில்லாததால், தோளிலும் மூச்சிலும் உள்ள பிழைகள் அத்தனையும் வெளியே வந்துவிடும். கால் ஊன்றுவதில் தொடங்கி எட்டு நிலைகள். கடைசி நிலை சான்ஷின்: அம்பு போன பின்னும் அப்படியே நிற்பது.

28 மீட்டர் தள்ளியிருந்த 36 சென்டிமீட்டர் வட்டத்தில் என் முதல் அம்பு தைத்த அன்று, மகிழ்ச்சியில் துள்ளி ஆசிரியர் பக்கம் திரும்பினேன். அவர் இலக்கைப் பார்க்கவே இல்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது நிலையை நான் விட்டுவிட்டிருந்தேன்.

அன்று மாலை அம்புகளைத் துடைத்து வைக்கும் முறை என்னுடையது. இலக்கின் தாளில் விழுந்திருந்த துளையை ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்.