ஒரே ஆள், இரண்டு ஜாப், இரண்டு கூலி: டேவிஸ்-பேக்கன் வேலைக்கான விகிதத்தைப் பேரோலில் எங்கே பதிவது?

கோவைக் கணக்கர் கேட்டது:

வணக்கம். கோயம்புத்தூரில் இருந்தபடி டெக்சாஸில் உள்ள ஒரு மின்பணி ஒப்பந்ததாரருக்குப் பேரோல் பார்த்துவருகிறேன். இதுவரை தனியார் கட்டடங்களில் மட்டும் வேலை செய்தவர்கள், இப்போது ஒரு ஃபெடரல் கட்டடத்தின் புதுப்பிப்பு வேலையில் துணை ஒப்பந்ததாரராகச் சேர்ந்திருக்கிறார்கள். ஃபெடரல் கட்டுமான வேலைகளுக்கான அமெரிக்கக் கூலிச் சட்டமான டேவிஸ்-பேக்கன்படி, அந்த ஜாபுக்கு மட்டும் பிரிவெய்லிங் வேஜ், அதாவது வட்டார நடப்புக் கூலி கொடுத்தாக வேண்டும். கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாகவே சொல்கிறேன்: எலக்ட்ரீஷியனுக்கு அடிப்படைக் கூலி மணிக்கு 34 டாலர், ஃபிரிஞ்ச் (கூலிக்கு மேல் காப்பீடு போன்ற சலுகையாகவோ ரொக்கமாகவோ தர வேண்டிய தொகை) 12 டாலர். தனியார் வேலையில் அதே ஆளின் கூலி 28 டாலர்.

நான் முதலில் இரண்டையும் கூட்டி, தொழிலாளியின் பதிவிலேயே 46 டாலர் என்று ஒரு சம்பள இனமாக வைத்தேன். மென்பொருள் ஓவர்டைமை 69 டாலராகப் போட்டது. பிறகு உரிமையாளர், ஆளுக்கு மாதம் 520 டாலர் மருத்துவக் காப்பீடு கட்டுவதை நினைவூட்டி, அதை ஃபிரிஞ்சில் கழிக்கச் சொன்னார். ஆண்டுக்கு 6,240 டாலர். ஃபெடரல் ஜாபில் ஓர் ஆள் ஆண்டில் செய்யப்போவது ஏறக்குறைய 520 மணி. வகுத்தால் சரியாக 12 டாலர் வந்தது. எனவே ஃபிரிஞ்ச் முழுவதும் காப்பீட்டிலேயே அடங்கிவிட்டது என்று கருதி, கடந்த மூன்று வாரங்களாக 34 டாலர் மட்டும் கொடுத்தோம். நேற்று பிரதான ஒப்பந்ததாரர் எங்கள் சர்டிஃபைட் பேரோலை, அதாவது உறுதிமொழியோடு வாரந்தோறும் தரும் சம்பளப் பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

வணக்கம். இரண்டு இடங்களில் தவறியிருக்கிறீர்கள். காப்பீட்டுக் கணக்கில் உள்ள தவறு தொழிலாளியின் கையிலிருந்து பணத்தை எடுத்துவிடுவதால் அதை முதலில் சொல்கிறேன். காப்பீட்டுத் தொகை ஆண்டு முழுவதற்குமானது, அந்த ஆள் தனியார் வேலையில் இருக்கும் நாள்களுக்கும் அதே காப்பீடுதான். ஆகவே அதை ஃபெடரல் மணிகளால் மட்டும் வகுக்க விதி இடம் தருவதில்லை. தனியார், அரசு இரண்டையும் சேர்த்து ஆண்டில் செய்யும் எல்லா மணிகளாலும் வகுக்க வேண்டும். 2,080 மணி என்று கொண்டால் 6,240ஐ வகுக்க மணிக்கு 3 டாலர்தான் கிடைக்கும். மீதி 9 டாலரை ஃபெடரல் ஜாபின் ஒவ்வொரு மணிக்கும் ரொக்கமாகக் கொடுத்திருக்க வேண்டும். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் இந்தக் கணக்கு முறையை விதியிலேயே எழுதிவைத்துவிட்டது. சமூகப் பாதுகாப்பு வரி, வேலையிழப்புக் காப்பீடு, தொழிலாளர் விபத்துக் காப்பீடு ஆகியவை சட்டப்படி எப்படியும் கட்ட வேண்டியவை என்பதால், அவற்றை ஃபிரிஞ்சில் காட்டவே முடியாது.

இரண்டாவது, அடிப்படைக் கூலியையும் ஃபிரிஞ்சையும் ஒரே இனமாக்கியது. ஓவர்டைமில் ஒன்றரை மடங்காவது அடிப்படைக் கூலி மட்டுமே. ஃபிரிஞ்ச் எல்லா மணிக்கும் ஒரே அளவுதான். ஒருவர் அந்த ஜாபிலேயே 40 மணியைத் தாண்டினால் 34இன் ஒன்றரை மடங்கு 51, அதோடு 12, ஆக 63 டாலர். உங்கள் மென்பொருள் போட்ட 69 தவறு. அடிப்படைக்கு ஓர் இனம், ஓவர்டைமுக்கு ஓர் இனம், ரொக்க ஃபிரிஞ்சுக்கு ஓர் இனம் என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவதை ஓவர்டைமுக்கான சராசரிக் கூலிக் கணக்கில் சேராதபடி குறியுங்கள்.

இந்தக் கடைசி வரி அற்பமாகத் தோன்றலாம், ஆனால் உங்களைப் போல ஒரே வாரத்தில் ஆளை இரண்டு இடத்துக்கும் அனுப்புபவர்களுக்கு முக்கியமே இதுதான். தனியார் வேலையில் 24 மணி, ஃபெடரலில் 20 மணி என்றால் எந்த ஜாபிலும் 40ஐத் தாண்டவில்லை. ஆனாலும் வாரத்தின் மொத்தம் 44 என்பதால் 4 மணி ஓவர்டைம் உண்டு. 24ஐ 28ஆலும் 20ஐ 34ஆலும் பெருக்கிக் கூட்டினால் 1,352. 44ஆல் வகுத்தால் சராசரி 30.73 டாலர், அதில் பாதியை 4 மணிக்குக் கொடுத்தால் கூடுதல் தொகை 61.45 டாலர். 12 டாலர் ஃபிரிஞ்சும் முழுவதாகச் சராசரிக்குள் நுழைந்துவிட்டால் இது 72.36 ஆகிவிடும்.

விகிதத்தைத் தொழிலாளியின் பதிவில் வைக்காதீர்கள். ஜாப், தொழில் வகை, அமலாகும் தேதி ஆகிய மூன்றும் சேர்ந்த அட்டவணையில் வையுங்கள். டைம்ஷீட்டில் ஜாப் எண் விழுந்தவுடன் விகிதம் தானாக வர வேண்டும். தொழிலாளியின் சொந்தக் கூலி அதைவிட உயர்வாக இருந்தால் அந்த உயர்வே நிற்க வேண்டும்.

மலர்விழி எழுதியது:

மேலே சொன்னதோடு தொழில் வகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அட்டவணையைச் சரியாக அமைத்தவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். தனியார் வேலையில் நாம் தாராளமாக எழுதும் "ஹெல்ப்பர்" என்ற வகை உங்கள் கூலி நிர்ணய ஆணையில் (ஒப்பந்தத்தோடு வரும், தொழில் வகைவாரியான கூலிப் பட்டியலில்) இல்லாவிட்டால், அப்படி ஒருவரை அந்த ஜாபில் காட்ட முடியாது. அவர் செய்யும் வேலை எந்த வகையைச் சேர்ந்ததோ அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும். ஒருவர் காலையில் லேபரராகவும் மாலையில் எலக்ட்ரீஷியனாகவும் வேலை செய்தால், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி என்று டைம்ஷீட்டில் பிரித்து எழுதியிருந்தால் மட்டுமே இரண்டு விகிதம் கொடுக்கலாம். பிரித்து எழுதவில்லை என்றால் நாள் முழுவதற்கும் உயர்ந்த விகிதம்தான். ஆகவே ஃபோர்மேன் கைப்பேசியில் மணியைப் பதியும் திரையிலேயே தொழில் வகையைக் கட்டாயப் புலமாக்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நினைவிலிருந்து எழுதி வாங்கும் பிரிப்புக்கு மதிப்பில்லை.

அப்ரென்டிஸ், அதாவது பயிற்சித் தொழிலாளி இருந்தால் இன்னொரு கவனம் தேவை. பதிவுபெற்ற பயிற்சித் திட்டத்தில் இருப்பவருக்கு மட்டுமே குறைந்த சதவீதம் பொருந்தும். 60 சதவீத நிலையில் இருப்பவருக்கு அடிப்படைக் கூலி 20.40 டாலர், ஆனால் ஃபிரிஞ்ச் பற்றித் திட்டம் எதுவும் சொல்லாவிட்டால் முழு 12 டாலரும் உண்டு. மென்பொருளில் சதவீதத்தை மொத்தத்தின் மீது பொருத்தினால் ஃபிரிஞ்ச் 7.20 ஆகச் சுருங்கிவிடும், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

இணையத்தில் இன்று கிடைக்கும் புதிய கூலி ஆணையைப் பார்த்து விகிதத்தை மாற்றிவிடவும் வேண்டாம். உங்கள் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டுள்ள ஆணையின் எண்ணையும் திருத்த எண்ணையும் ஜாபின் பதிவில் எழுதிவைத்து, பொதுவாக அதையே பின்பற்றுங்கள்.

கோவைக் கணக்கர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று இனங்களாகப் பிரித்து, ஜாப் அட்டவணையை அமைத்துவிட்டேன். 44 மணி வாரத்தைச் சோதனையாக ஓட்டியபோது 61.45 சரியாக வந்தது. அந்த மூன்று வாரங்களை என்ன செய்வது? முதல் வாரங்களில் ஓவர்டைமாக மிகையாகக் கொடுத்ததை இதில் கழித்துக்கொள்ளலாமா என்று உரிமையாளர் கேட்கிறார்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

கழிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. இந்தச் சட்டத்தில் கூலி வாரந்தோறும் கொடுபட வேண்டியது, ஒரு வாரத்து மிகையை இன்னொரு வாரத்துக் குறைவுக்கு ஈடாகக் காட்ட முடியாது. மூன்று வாரங்களிலும் ஃபெடரல் ஜாபில் செய்த ஒவ்வொரு மணிக்கும் 9 டாலர் வீதம் நிலுவையைத் தனிச் சம்பளமாகக் கொடுத்து, அந்தந்த வாரத்துக்கான சர்டிஃபைட் பேரோல் படிவமான டபிள்யூஎச்-347ஐத் திருத்தி அனுப்புங்கள். அதோடு வரும் உறுதிமொழியில் கையெழுத்திடுபவர் உங்கள் உரிமையாளர். அது பொய்யானால் குற்றவியல் நடவடிக்கை வரை போகக்கூடும். ஆகையால் 12 டாலர் எப்படி 3 டாலராகியது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, திருத்திய படிவங்களோடு அவர் மேசைக்கு அனுப்பிவிட்டு, பிறகு கையெழுத்து வாங்குங்கள்.