யூரோவை வாங்கியிருந்தால் என்ன?

சரக்குமாஸ்டர்:
ஃபோர்ஸ் மஜூர், அதாவது கையை மீறிய தடங்கல் என்று சொல்லி ஒப்பந்தக் கடமையிலிருந்து ஒதுங்குகிறவர், எதிர்த்தரப்பு நீட்டும் மாற்று வழியையும் ஏற்க வேண்டும், தடங்கலைத் தாண்ட அவர் எடுக்க வேண்டிய "நியாயமான முயற்சி" அதுதான் என்று நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருந்தார். 2024 மே மாதமே பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்ட வாதம் அது. எம்யூஆர் என்ற நெதர்லாந்துக் கப்பல் கம்பெனி, கினியாவிலிருந்து உக்ரைனுக்கு பாக்சைட் (அலுமினியத் தாது) ஏற்ற ஆர்டிஐ என்ற கம்பெனியுடன் 2016இல் ஒப்பந்தம் போட்டது. கூலி அமெரிக்க டாலரில். 2018 ஏப்ரலில் ஆர்டிஐயின் தாய்க் கம்பெனி ருசால் மீது அமெரிக்கா தடை விதித்தது. டாலர் வருவது தாமதமாகும், கப்பல் தர முடியாது என்றது எம்யூஆர். யூரோவில் தருகிறோம், மாற்றும் செலவும் எங்களுடையது என்றது ஆர்டிஐ. எம்யூஆர் மறுத்தது சரியே என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள் ஐயா.

கடலோரம்:
அந்த மேதை நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். யூரோவால் எம்யூஆருக்கு நஷ்டமே இல்லை, வந்தவுடன் வங்கியே டாலராக மாற்றித் தந்திருக்கும் என்று வழக்கை முதலில் விசாரித்த நடுவர்கள் சொன்னதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? யூரோவை வாங்கியிருந்தால் என்ன?

சரக்குமாஸ்டர்:
ஒப்பந்தத்தில் டாலர்.

கடலோரம்:
யூரோவை வாங்கியிருந்தால் என்ன என்றுதானே கேட்டேன்? 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டுக்கு ஒன்று என்று ஆர்டிஐ பக்கம்தான் நின்றது. அவர்களும் படிக்காதவர்களா?

சரக்குமாஸ்டர்:
தோற்ற தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்! இன்றைக்கு யூரோ, நாளைக்கு ரூபிள், அப்புறம் பாக்சைட்டாகவே தருவீர்களா? பிரியாணிக்குப் பணம் கட்டியவனிடம் தயிர்சாதத்தை நீட்டி, வயிறு நிறையும் வாங்கிக்கொள் என்பீர்களா? எதிராளிக்கு நஷ்டமா இல்லையா என்று ஆராயத் தொடங்கினால், தகராறு வந்த அன்று எவனுக்கும் தன் நிலை தெரியாது. வணிகத்துக்கு வேண்டியது நிச்சயம். அதைத்தான் நீதிபதிகளும் சொன்னார்கள். வேறு வழியை ஏற்க வைக்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

முனுசாமி_லாரி:
செய்யவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று நம் ஊர் ஒப்பந்தச் சட்டத்தில் 56ஆம் பிரிவு இருக்கிறதே, அதை வைத்துத் தப்பிக்கலாமே?

சரக்குமாஸ்டர்:
ஒப்பந்தத்திலேயே ஃபோர்ஸ் மஜூர் பிரிவு இருந்தால் பொருந்துவது 56 அல்ல, "இது நடந்தால்" என்ற நிபந்தனையுள்ள ஒப்பந்தங்களுக்கான 32ஆம் பிரிவு. 2017இல் இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறியதைக் காட்டி மின் கம்பெனிகள் ஃபோர்ஸ் மஜூர் கேட்டபோதே நம் உச்ச நீதிமன்றம் மறுத்தது. லாரிக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

முனுசாமி_லாரி:
லாரிக்காரன் என்றால் இளக்காரமா? டீசல் விலை விவாதத்தில் போன மாதம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துவிட்டதா?

சரக்குமாஸ்டர்:
அங்கே ஓடியது நீங்கள். இணைப்பைத் தேடிப் போடவா?

கடலோரம்:
அதை அப்புறம் போடுங்கள். யூரோவை வாங்கியிருந்தால் என்ன?

சரக்குமாஸ்டர்:
டாலர். டாலர். டாலர். இன்னும் பெரிய எழுத்தில் வேண்டுமா?

முனுசாமி_லாரி:
இணைப்பு எங்கே? காத்திருக்கிறேன்.