பேத் அல்பா ராசி வட்டம்: முழுப்படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. இஸ்ரேலின் பேத் அல்பாவில் 1929-இல் அகழ்ந்தெடுத்த 6-ஆம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடத்தின் மொசைக் தரை பற்றி உதவி தேவை. நடுவில் நான்கு குதிரைத் தேரில் சூரியன். தலைக்குப் பக்கத்தில் பிறைநிலா, விண்மீன்கள். சுற்றி 12 ராசிகள், நான்கு மூலைகளில் நான்கு பருவப் பெண்கள்.

சிக்கல் மூலைகளில்தான். மேஷம், ரிஷபம், மிதுனத்துக்கு அருகே இளவேனில் வர வேண்டும், அப்படி வரவில்லை. அதே நாட்டின் ஹம்மத் திபேரியாஸ் தொழுகைக்கூடத் தரையில் (4-ஆம் நூற்றாண்டு) சரியாகப் பொருந்துகிறது. பேத் அல்பா கலைஞர்கள் வேறொரு மாதிரியைப் பார்த்துப் போடும்போது வட்டத்தை மட்டும் திருப்பிவிட்டார்களா? எனக்கு அப்படித்தான் படுகிறது. ராசிகளை வெறும் அலங்காரமாகப் பார்த்திருந்தால் இந்தப் பிசகு அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

இணையப் படங்கள் பெரும்பாலும் வட்டத்தோடு வெட்டப்பட்டவை, மூலைகள் இல்லை. சில இடவலம் மாறியவை. திபேரியாஸ் படத்தைச் சரிபார்ப்பவர்கள் கும்ப ராசியின் எழுத்தை நம்ப வேண்டாம். தரையிலேயே அது கண்ணாடிப் பிம்பமாகத்தான் இருக்கிறது (கைவினைஞருக்கு எபிரேயம் தெரியாதோ என்னவோ). மற்ற ராசிப் பெயர்களைப் பாருங்கள்.

தேவை இரண்டு: நான்கு மூலைகளும் தெரிய மேலிருந்து எடுத்த படம், பருவப் பெண்களருகே உள்ள எபிரேய எழுத்துகளைப் படித்துச் சொல்ல ஒருவர். இஸ்ரேலின் இன்னொரு பழைய தொழுகைக்கூடமான செப்போரிசில் தேரின் மேல் மனித உருவமே இல்லை, வெறும் சூரிய வட்டம். அதன் தெளிவான படம் இருந்தாலும் பகிருங்கள்.