சுடோகு பலகையில் அன்டூ அழுத்தினால் பென்சில் குறிப்புகள் திரும்பவில்லை: ஸ்டேட்டை எங்கே வைப்பது?

கேள்வி

வணக்கம். ரியாக்ட்டில் (இணையப் பக்கத்தின் திரையை அமைக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) ஒரு சுடோகு விளையாட்டை எழுதி வருகிறேன். பலகையின் 81 கட்டங்களும் தனித்தனிக் காம்பொனென்ட்டுகள், அதாவது திரையின் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றும் தன் எண்ணையும் பென்சில் குறிப்புகளையும் (அங்கே வரக்கூடும் என ஆட்டக்காரர் குறித்துவைக்கும் எண்கள்) தன் ஸ்டேட்டாக, அதாவது மாறும் தரவாக, யூஸ்ஸ்டேட் மூலம் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் 5 இட்டால், அதே வரிசை, நெடுவரிசை, பெட்டி ஆகியவற்றின் குறிப்புகளிலிருந்து 5 தானாக நீங்கும்படி செய்ததும் சிக்கல் தொடங்கியது. கடைசி நகர்வைத் திரும்பப் பெறும் அன்டூ பொத்தானை அழுத்தினால் இட்ட 5 மறைகிறது. நீங்கிய குறிப்புகள் திரும்புவதில்லை. சுற்றியுள்ள கட்டங்கள் அனைத்திலும் 5-ஐ மீண்டும் சேர்த்துப் பார்த்தேன். ஆட்டக்காரர் எழுதவே எழுதாத இடங்களிலும் 5 முளைத்துவிட்டது. போதாக்குறைக்கு, தவறான கட்டங்களைக் காட்டும் சிவப்பு நிறம், தவறைத் திருத்திய பிறகும் சில வேளை அப்படியே நிற்கிறது. எல்லாவற்றையும் ரெடக்ஸுக்கு (ஸ்டேட்டை ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் தனி நூலகம்) மாற்றினால் இவை தீருமா?

மறுமொழி 1

ரெடக்ஸுக்கு மாறினாலும் இதே பிழைகள் உங்களுடன் வந்து சேரும் என்றே நினைக்கிறேன். சுடோகுவில் ஒரு கட்டம் தன் வரிசையில் 8, நெடுவரிசையில் 8, பெட்டியில் மீதமுள்ள 4 என 20 கட்டங்களோடு பிணைந்திருக்கிறது. அப்படியிருக்க, அதன் எண்ணையும் குறிப்பையும் அந்தக் கட்டத்தின் சொந்தச் சொத்தாக வைத்ததுதான் சிக்கலின் வேர். பலகை முழுவதையும் தாய்க் காம்பொனென்ட்டில் ஒரே அமைப்பாக வைத்து, ஒவ்வொரு நகர்வையும் ஒரு ரெட்யூசர் (பழைய ஸ்டேட்டையும் நகர்வையும் பெற்றுப் புதிய ஸ்டேட்டைத் தரும் செயற்கூறு) வழியாகச் செலுத்துங்கள். 2019-இல் வெளிவந்த ரியாக்ட் 16.8 முதல் அதற்கான யூஸ்ரெட்யூசர் உள்ளேயே கிடைப்பதால், இந்த அளவு விளையாட்டுக்குத் தனி நூலகம் தேவையில்லை.

அன்டூவுக்கு எதிர்ச்செயல் எழுத முயன்றதால்தான் 5 முளைத்தது. அந்த 20 கட்டங்களில் எவற்றில் உண்மையாகவே 5 எழுதப்பட்டிருந்தது என்ற செய்தி, நீக்கிய கணத்திலேயே தொலைந்துவிட்டது. தொலைந்ததைக் கணித்து மீட்க வழியில்லை. ஆகவே நகர்வுக்கு முந்தைய பலகையை அப்படியே வரலாற்றில் எடுத்து வையுங்கள். நினைவகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு கட்டத்துக்கு ஓர் எண், குறிப்புகளுக்கு 9 பிட் (1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒன்று) கொண்ட இன்னோர் எண் என வைத்தால் ஒரு பலகைக்கு 162 எண்கள். 200 நகர்வுகளுக்கும் 32,400 எண்கள்தாம்.

ஆனால் பலகையை ஈரடுக்கு அணியாக (ஒன்பது வரிசைகளின் பட்டியலாக) வைத்திருந்தால் ஓர் இடத்தில் மிகக் கவனமாக இருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் மூன்று புள்ளிக் குறியை (...) இட்டு நகலெடுக்கும்போது வெளி அணி மட்டுமே புதிதாகிறது; உள்ளிருக்கும் வரிசைகள் பழையவையே. அப்படி எடுத்த நகலில் ஒரு கட்டத்தை மாற்றினால் வரலாற்றில் இருக்கும் பலகையும் கூடவே மாறும், பிறகு அன்டூ அழுத்தினால் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். மாறும் வரிசையையும் தனியே நகலெடுக்க வேண்டும். 81 உறுப்புகள் கொண்ட ஒற்றை அணியாக வைப்பது இன்னும் எளிது.

சிவப்பு நிறத்தை ஸ்டேட்டில் வைக்கவே வேண்டாம். வரிசை, நெடுவரிசை, பெட்டி எனப் பலகையில் 27 குழுக்கள், குழுவுக்கு 9 கட்டங்கள். ஒவ்வொரு முறை வரையும்போதும் முழுவதையும் புதிதாகச் சோதித்தாலும் கணினிக்கு அது பொருட்டே இல்லை. பலகையிலிருந்து கணக்கிடக்கூடிய ஒன்றைத் தனியே சேமித்தால், இரண்டும் ஒருநாள் முரண்படத்தான் செய்யும். ஆட்டம் முடிந்ததா என்பதையும் இப்படியே கணக்கிடுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். கடிகாரத்தைப் பற்றியும் சேர்க்க விரும்புகிறேன். கடந்த நேரத்தை அதே ரெட்யூசரில் வைத்தால் நொடிக்கு ஒருமுறை பலகை முழுவதும் மீண்டும் வரையப்படும், அன்டூ செய்தால் நேரமும் பின்னோக்கிப் போகும். நொடிக்கு ஒன்று கூட்டும் முறையும் நம்பத்தக்கதல்ல. தாவல் (டேப்) மறைந்திருக்கும்போது உலாவிகள் டைமரை மெதுவாக்கிவிடுகின்றன. ஆட்டம் தொடங்கிய அல்லது தொடர்ந்த நேரத்தையும், அதற்கு முன் சேர்ந்த மொத்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது கழித்துக் கணக்கிடுங்கள்.

குறிப்புகளை ஜாவாஸ்கிரிப்ட்டின் செட் (கணம்) வகையில் வைத்திருந்தால், ஜேசான் என்னும் உரை வடிவுக்கு மாற்றி லோக்கல் ஸ்டோரேஜில் (உலாவியின் சேமிப்பிடம்) சேமிக்கும்போது அவை வெற்று ஆப்ஜெக்டுகளாகிவிடும். பக்கத்தைப் புதுப்பித்ததும் குறிப்புகள் அனைத்தும் போய்விடும். 9 பிட் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒற்றை அணிக்கு மாற்றிய பிறகு குறிப்புகள் சரியாகத் திரும்புகின்றன. சிவப்பு நிறத்துக்காக எழுதியிருந்த நிரல் முழுவதையும் நீக்கிவிட்டேன். இப்போது எந்தக் கட்டம் தேர்வாகியிருக்கிறது என்பதையும் வரலாற்றில் சேர்க்க வேண்டுமா?

மறுமொழி 1

சேர்க்க வேண்டாம். ஆட்டக்காரர் பத்துக் கட்டங்களைச் சும்மா தொட்டுப் பார்த்திருந்தால், ஒரு நகர்வைத் திரும்பப் பெற அவர் பதினொரு முறை அழுத்த நேரிடும். தேர்வைத் தனி ஸ்டேட்டாக வைத்து, அன்டூ நடந்ததும் அந்த நகர்வில் எண் மாறிய கட்டத்துக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். எது மாறியது என்று ஆட்டக்காரர் தேட வேண்டியிராது. இருந்த எண்ணையே மீண்டும் இட்டால் பலகை மாறுவதில்லை. அத்தகைய நகர்வுக்கு ரெட்யூசர் பழைய ஸ்டேட்டையே திருப்பித் தரட்டும், வரலாற்றில் ஒரு வெற்றுப் படி சேராது.