வெல்டிங் பட்டறையில் "பாதுகாப்பைப் பார்" என்று முதலாளி சொல்லிவிட்டார், எங்கே தொடங்குவது?

கொக்குவில்_பெடியன்
வணக்கம் எல்லாருக்கும். யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் கேற், கிறில், தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்ட் செய்கிற பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன், என்னோடு சேர்த்து ஆறு பேர். போன மாதம் ஒரு பெடியன் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நின்று வெல்டிங்கைப் பார்த்துவிட்டுப் போனான், பகல் முழுக்க ஒன்றுமில்லை, இரவு பதினொரு மணிக்குக் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி என்று துடித்திருக்கிறான். வீட்டில் உருளைக்கிழங்கு வெட்டி வைத்தார்களாம். அடுத்த நாள் முதலாளி ஆறு ஹெல்மெட்டும் "பாதுகாப்பே முதல்" என்று ஒரு பலகையும் வாங்கி வந்து மாட்டிவிட்டு, இனி நீதான் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டார். ஹெல்மெட் ஆறும் இப்போது ஆணியில் தொங்குகிறது, அதில் ஒன்றுக்குள் யாரோ வெற்றிலைப் பையை வைத்திருக்கிறார்கள். எனக்கு மூன்று வருட அனுபவம்தான். பெரியவர்களிடம் எதையாவது சொன்னால் "நாங்கள் இருபது வருசமாக இப்படித்தான்" என்கிறார்கள். கையில் பெரிய காசும் இல்லை. எதை முதலில் செய்வது?

பழைய_வாத்தியார்
தம்பி, ஹெல்மெட்டை விடுங்கள். மேலிருந்து சாமான் விழுகிற இடத்துக்குத்தான் அது. உங்கள் பட்டறையில் ஆளைக் கெடுக்கிறது எது என்று ஒரு நாள் காலையிலிருந்து பின்னேரம் வரை சும்மா நின்று பாருங்கள். என் கணக்கில் முதலாவது, இரும்பை வெட்டித் தேய்க்கிற கிறைண்டர்.

போய்ப் பாருங்கள், டிஸ்க்கை மறைக்கிற மூடி கழற்றி மூலையில் கிடக்கும். ஏன் கழற்றுகிறார்கள்? பெரிய மெசினில் தேய்ந்த 7 அங்குல டிஸ்க்கை வீணாக்காமல் வாசர் வைத்துச் சின்ன மெசினில் போடுவதற்கு. காசு மிச்சம் என்று நினைப்பு. 7 அங்குல டிஸ்க்கின் மேல் 8,500 சுற்று என்று ஒரு எண் அடித்திருக்கும், நிமிடத்துக்கு அதற்கு மேல் போகாதே என்று அர்த்தம். 4 அங்குல மெசின் சுமார் 11,000 சுற்றுகிறது. பிறகு அது ஏன் வெடித்தது என்று கேட்டு என்ன பயன்? 4 அங்குல டிஸ்க்கில் 15,000 அளவில் போட்டிருப்பார்கள், அந்த மெசினுக்கு அதுதான். டிஸ்க்கின் நடுவில் உள்ள தகர வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருக்கும், அது காலாவதித் திகதி. கடையில் வாங்கும்போது அதைத் திருப்பிப் பார்க்கிறவர் ஒருவரையும் நான் காணவில்லை.

புது டிஸ்க் போட்டால் ஆள் விலகி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு கிறைண்டர் பிடிக்கிறவர்கள் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இன்னொன்று, கையுறை எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைக்காதீர்கள், நிலையாக நிற்கிற டிரில் மெசினில் துணிக் கையுறை போட்டால் அது விரலையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும்.

கண் விஷயம்: உருளைக்கிழங்கால் குளிர்ச்சி வரும், அவ்வளவுதான். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக ஆறும், ஆனால் கிறைண்டர்த் தூள் குத்தியிருந்தால் அது வேறு கதை, அதைத் துணி நுனியால் எடுக்க விடாமல் கண் வைத்தியரிடம் அனுப்புங்கள். வெல்டிங் அடிக்கும் இடத்தைச் சுற்றித் தகரத்தையோ தடித்த படங்கையோ மறைத்துக் கட்டுங்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கண் இருக்கிறது.

சுன்னாகம்_வயர்மேன்
ஐயா சொன்னது சரி, ஆனால் எனக்கு வயர்தான் முதல். மாரி வருகிறது. ஈர நிலத்தில் செருப்போடு நின்று, நாலு இடத்தில் டேப் சுற்றிய எக்ஸ்டென்சன் வயரில் வெல்டிங் பிளான்ட் ஓடுகிறதை நான் எத்தனை பட்டறையில் கண்டுவிட்டேன். போர்ட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிற்ச், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிற்ச், இருக்கிறதா? இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருக்கால் அமத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம். அது அடிக்கடி விழுகிறது என்று அதை விலக்கிவிட்டு நேரடியாக வயர் கொடுத்து வைத்திருப்பார்கள், அதையும் தேடுங்கள்.

வெல்டிங் பிளான்டின் வெளியே வருகிற கரண்ட் 80 வோல்ட் வரைதானே, ஒன்றும் செய்யாது என்பார்கள். வியர்வையில் நனைந்த பெடியன் தாங்கிக்குள்ளே குந்தியிருந்து அடிக்கும்போது அது போதும் ஆளை முடிக்க.

தெல்லிப்பழை_றோட்டு
சும்மா பயப்படுத்தாதீர்கள். என் அப்பாவும் இந்தத் தொழில்தான், ஒரு நாளும் மாஸ்க் போடவில்லை, எழுபது வயதில் நன்றாக நடக்கிறார். புகைக்கு ஒரு கிளாஸ் பால் குடித்தால் சரி.

பழைய_வாத்தியார்
உங்கள் அப்பா நலமாக இருக்கட்டும். ஆனால் பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது, இரண்டும் எங்கே சந்திக்கும்? ஜீஐ பைப்பை, அதாவது நாகம் பூசின பைப்பை, அடைத்த இடத்தில் ஒட்டினால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும், டெங்கு என்று நினைத்து ஓடியவர்கள் உண்டு. ஒட்டுகிற இடத்தில் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, கதவைத் திறந்து, காற்றுக்கு முதுகைக் கொடுக்காமல் பக்கவாட்டாக நின்று வேலை செய்தால் செலவே இல்லை. பழைய டீசல் பரலை வெட்டக் கொண்டுவந்தால் மட்டும் தொடாதீர்கள். மணமில்லை என்றாலும் உள்ளே மிஞ்சின ஆவி வெடிக்கப் போதும்.

ஒரு_விரல்_குறைவு
என் பெயரைப் பார்த்தாலே விளங்கும். 2014 இல் பிரஸ் மெசினில் போனது, மூடி இல்லாத மெசின். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். மெசினைச் சுத்தம் செய்ய நிறுத்தினேன், பிளக்கைக் கழற்றவில்லை, பின்பக்கம் நின்றவருக்கு நான் உள்ளே கை வைத்திருப்பது தெரியாது, சுவிற்சைப் போட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கையை வைக்கிறவனின் பொக்கற்றில் பிளக்கோ சாவியோ இருக்க வேண்டும், வேறு ஒருவரிடமும் அல்ல. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அப்புறம் சட்டம். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் ஆபத்தான மெசினுக்கு மூடி, முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கிறது. விபத்தால் மூன்று நாளுக்கு மேல் வழமையான வேலை செய்ய முடியாமல் போனால் முதலாளி தொழில் திணைக்களத்தின் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். நட்டஈட்டுக்கு 1934 இன் 19 ஆம் இலக்கச் சட்டம் தனியாக. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது, கையில் கொஞ்சக் காசைத் தந்து "வீட்டில் விழுந்தது என்று சொல்லு" என்றார்கள், ஆஸ்பத்திரியிலும் அப்படியே சொன்னேன். ஆஸ்பத்திரித் துண்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள், பிறகு எதை வைத்துக் கேட்பது. என்ன நடந்ததோ அதை முதல் நாளே சொல்லுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள், அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே.

கொக்குவில்_பெடியன்
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை போய்ப் பார்த்தேன். மூன்று கிறைண்டரில் இரண்டுக்கு மூடி இல்லை, ஒன்றின் மூடி தேநீர்க் கிளாஸ் வைக்கிற தட்டாக இருந்தது. டிஸ்க் அலுமாரியில் பதினேழில் ஐந்து திகதி முடிந்தவை. ட்ரிப் சுவிற்ச் பொத்தானை அமத்தினேன், விழவில்லை. வயர்மேன் அண்ணா, சனிக்கிழமை வர முடியுமா? முதலாளியிடம் கேட்டேன், ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்து அந்தக் காசில் சுவிற்ச் மாற்றலாம் என்கிறார், கடைக்காரர் எடுப்பாரோ தெரியாது. வெற்றிலைப் பை வைத்த அந்த ஒன்றை மட்டும் எடுக்க மாட்டார்.