பிள்ளைகள் பரிமாறும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

பெருந்துறை:
எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிறு கோயில் மண்டபத்தில் பந்தி போடுகிறார்கள். குடும்பத்தோடு வரணும், பெரியவர்கள் உட்காரணும், பிள்ளைகள்தான் பரிமாறணும். காடு பாகம் பிரித்ததிலிருந்து என் அண்ணனோடு பேச்சு இல்லை. போன மாதம் அவருக்குப் பக்கத்து இலை எனக்கு. அவர் மகன் அரிசியும் பருப்பும் சாதத்தை வைத்துவிட்டு நெய் வாளியோடு வந்தான். "சித்தப்பா, ஊத்தட்டுங்களா?" அண்ணன் என்னைப் பார்க்காமலே அவனிடம், "அவனுக்கு நெய் ஆகாதுடா, கொள்ளு ரசம் ஊத்து" என்றார். நான் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுவது என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும் யாரிடம் விசாரித்திருப்பார்?

திருப்பூர்:
எங்கள் லைன் வீட்டுப் பசங்க, வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரச் சொன்னார்கள். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பமும் வந்தது. அந்த அக்கா கொண்டுவந்தது பகாளா, அதாவது தண்ணீர் ஊற்றிய சோறு. கூடப் பொரித்த கீரை. கூச்சப்பட்டுக் கிண்ணத்தை ஓரமாக வைத்தார். எங்கள் அம்மாயி ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பழைய சோறு கண்ணு!" என்று சின்ன வெங்காயம் எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். முழங்கால் வலியில் எழவே மாட்டாதவர்.

அவினாசி:
பெருந்துறைக்காரரே, யார் பரிமாறியது என்று சொன்னீர்கள். சமைத்தது யார்? 2018-ல் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தகராறு செய்தார்கள். அந்த அம்மாவை இடம் மாற்றவும் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் திரும்ப அங்கேயே சமைத்தார். நம் வட்டாரத்தில் இதை விட்டுவிட்டுப் பந்தியைப் பற்றிப் பேசவே முடியாது.

என் மகள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறாள். ஏழு நாள் முகாமில் மாணவர்களும் காலனிப் பெண்களும் சேர்ந்து சமைத்தார்கள். கடைசி நாள் ஊரையே கூப்பிட்டார்கள், பாதிப் பேர்தான் வந்தார்கள். என் அப்பா டீ போதும் என்றார். மகள் விடவில்லை: "அப்பச்சி, வெங்காயம் உரிச்சது நானு, தாளிச்சது அந்த அக்கா. ரெண்டையும் பிரிச்சு எடுப்பீங்களா?" உட்கார்ந்தார். குழம்பு வேண்டாம் என்று தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டார். அந்தத் தயிர்ச்சோறும் அவர்கள் கிளறியதுதான்.

கோபி:
எல்லாரும் புதுத் திட்டம் மாதிரிப் பேசுகிறீர்கள். நம் பூ நோம்பிக்குப் பொங்கல் முடிந்து பெண் பிள்ளைகள் ஆவாரம்பூப் பறிக்கப் போய், கட்டுச்சோறும் முறுக்கும் கச்சாயமும் பங்கு போட்டுத்தானே சாப்பிடுவார்கள்? அதையே பிடித்துக்கொண்டு ஆண் பிள்ளைகளையும் சேருங்கள். முகூர்த்த நாளில் வைக்காதீர்கள், பாதிக் குடும்பம் கல்யாணத்துக்குப் போய்விடும். கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் கணக்கு வையுங்கள். கறி போட்டால் புரட்டாசியை விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு நாற்காலி, மேசை கட்டாயம், தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் அம்மா அப்படித்தான் வராமல் போனார். முக்கியமாக, நன்கொடையாளர் பெயரில் பேனர் வேண்டாம். ஒருவர் பெயர் விட்டுப்போனால் அடுத்த மாதம் நாலு வீடு வராது.

பெருந்துறை:
அவினாசிக்காரர் கேட்டது சரியான கேள்வி. எங்களுக்குச் சமைப்பது கூலிக்கு வரும் சமையல்காரர். எல்லாத் தெருவிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வந்து முறை வைத்துச் சமைக்கலாம் என்று மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் சரி என்கிறார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு நேரில் போகிறேன்.