சிகாகோ போலீஸ் ஐஸுக்குக் கைகொடுக்கணுமா?

ஏரிக்கரை:
இங்கே வழக்கமா விசா தேதி, வீட்டுக் கடன் வட்டின்னு பேசுவோம். இன்னிக்கு வேற விஷயம். நான் சிகாகோவுல, டெவான் அவென்யூ பக்கம் இருக்கேன். 2025 செப்டம்பர்ல ‘மிட்வே பிளிட்ஸ்’னு பேர் வச்சு ஐஸ் (ICE, அனுமதி இல்லாம இருக்கிறவங்களைப் பிடிச்சு நாடு கடத்துற மத்திய அரசுத் துறை) ஆட்கள் ஊருக்குள்ள இறங்கினாங்க. அதுலேர்ந்து ஸ்கூல் விடுற நேரத்துல எங்க தெரு முனையில நாலஞ்சு அம்மாக்கள் கழுத்துல விசில் மாட்டிட்டு நிக்கிறாங்க. கறுப்புக் கண்ணாடி வண்டி வந்து முகத்தை மூடின ஆளுங்க இறங்கினா ஊதுறதுக்கு. செவ்வாய்க்கிழமை என் முறை. குளிர்ல விசில் உதட்டுல ஒட்டிக்குது, கையுறைக்குள்ளயே பிடிச்சு வச்சுக்கிறேன்.

எங்க ஊர் விதி என்னன்னா, நகரப் போலீஸ் யார்கிட்டயும் குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது. ஐஸ் கேட்டுச்சுங்கிறதுக்காக மட்டும் ஒருத்தரைப் பிடிச்சு வைக்கக் கூடாது. 1985ல மேயர் ஹரால்ட் வாஷிங்டன் போட்ட உத்தரவுலேர்ந்து வர்ற வழக்கம் இது. 2012ல ‘வெல்கமிங் சிட்டி’ சட்டமா பலப்படுத்தினாங்க. ஆபீஸ்ல நம்ம ஆள் ஒருத்தர் இதைச் ‘சட்டத்தை மதிக்காத ஊர்’னு சொன்னார். என்னால ஏத்துக்க முடியல. நீங்க என்ன நினைக்கிறீங்க?

இன்னும்_வரிசையில்:
நான் உங்க ஆபீஸ் நண்பர் பக்கம். கிரீன் கார்டு வரிசையில என் பிரையாரிட்டி டேட் (வரிசையில சேர்ந்த தேதி) 2014. அப்பா போனப்ப திரும்பி வர விசா ஸ்டாம்பிங் தேதி கிடைக்காம ஊருக்குப் போக முடியல, வீடியோவுலதான் கொள்ளியைப் பார்த்தேன். வேலை போனா 60 நாள்ல வேற வேலை தேடணும், இல்லன்னா பெட்டி கட்டணும். இந்த நாட்டுச் சட்டத்தை ஒரு தாள் பிசகாம நான் மதிக்கும்போது, ஒரு நகரமே ‘எங்களுக்கு இது வேண்டாம்’னு சொல்றது வலிக்குது.

இன்னொன்னு. 2010ல அரிசோனா மாநிலம் தனியா குடியேற்றச் சட்டம் போட்டப்ப, இது மத்திய அரசோட அதிகாரம்னு சொல்லி, வழக்குக்கு வந்த நாலு பிரிவுல மூணை 2012ல சுப்ரீம் கோர்ட் அடிச்சுது. அப்ப சரின்னு சொன்னவங்க, இப்ப ஊர் தனியா முடிவெடுக்கலாம்னு எப்படிச் சொல்றீங்க?

கறுப்புக்கோட்டு:
இரண்டும் ஒன்றல்ல. அரிசோனா மத்திய அரசின் வேலையைத் தானே எடுத்துச் செய்யப் பார்த்தது. சிகாகோ அந்த வேலையில் கை வைக்காமல் ஒதுங்கி நிற்கிறது. ஐஸ் வருவதை நகரம் தடுத்தால் அது குற்றம். கூட வராமல் இருப்பது குற்றமல்ல.

இதற்கான தீர்ப்பு குடியேற்ற வழக்கில் வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியை உள்ளூர் போலீஸ் அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும் என்றது பிரேடி சட்டம். மொன்டானாவில் ஷெரிஃபாக இருந்த ஜே பிரிண்ட்ஸ் முடியாது என்று வழக்குப் போட்டார். 1997இல் நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பு அவருக்குச் சாதகம்: மாநில, உள்ளூர் அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்கு இழுக்க முடியாது. துப்பாக்கி உரிமைக்காரர்கள் வாங்கிய அந்தத் தீர்ப்பில்தான் இன்று சிகாகோ நிற்கிறது. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் மீதும் சிகாகோ மீதும் மத்திய நீதித்துறை போட்ட வழக்கை 2025 ஜூலையில் மத்திய மாவட்ட நீதிபதி தள்ளுபடி செய்ததும் இதே அடிப்படையில்தான்.

இன்னும்_வரிசையில்:
சட்டப்படி ஒதுங்கலாம், ஒத்துக்கிறேன். ஒதுங்கினா என்ன ஆகுதுன்னு பார்ப்போம். 2011ல இதே சிகாகோவுல குடிச்சுட்டு வண்டி ஓட்டி ஒருத்தரைக் கொன்ன வழக்குல ஒருத்தர் குக் கவுண்டி (சிகாகோ இருக்கிற மாவட்டம்) ஜெயில்ல இருந்தார். ஐஸ் அவரைத் தங்ககிட்ட ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டுச்சு. கவுண்டி கொடுக்கல. ஜாமீன் கட்டி வெளிய வந்தவர் மெக்சிகோவுக்கு ஓடிட்டார். செத்தவரோட குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?

ஜெயில்ல ஒப்படைச்சா ஒரு வண்டி, ரெண்டு ஆபீசரோட முடியும். அங்க கொடுக்கலன்னா அவங்க தெருவுக்கு வர்றாங்க. ஒருத்தரைத் தேடி வந்தா பக்கத்துல நிக்கிற சமையல்காரரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போறாங்க. உங்க முனையில அம்மாக்கள் நிக்க வேண்டி வந்ததுக்கு இந்தக் கொள்கையும் ஒரு காரணம்.

பேயூ_ஓரம்:
தம்பி, நான் ஹூஸ்டன்ல இருக்கேன். எங்க டெக்சாஸ்ல 2017லயே சட்டம் போட்டுட்டாங்க. ஐஸ் கேட்டா ஜெயில் கொடுத்தே ஆகணும், மறுக்கிற அதிகாரியோட பதவியே போகும். அதனால இங்க ஐஸ் தெருவுக்கு வரலையா? வருது. ஜெயில்லயும் எடுக்கிறாங்க, தெருவுலயும் பிடிக்கிறாங்க.

என் வீட்டுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ண ஒரு பொண்ணு வரும், ஹோண்டுராஸ்காரி. ஒரு நாள் ஜூன் மாச வெயில்ல முழுக்கை ஸ்வெட்டர் போட்டுட்டு வந்துச்சு. சிங்க்ல தேய்க்கும்போது கை நனையாம இருக்க மடிச்சு விட்டப்பதான் பார்த்தேன், முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் நீலம் பாரிச்சிருக்கு. புருஷன். 911 கூப்பிடட்டான்னு போனை எடுத்தேன். ஈரக் கையால என் போனை அப்படியே கவிழ்த்து வச்சுடுச்சு. ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கை நடுங்கினது தெரிஞ்சுது.

குற்றத்துல அடிபட்டவங்களுக்கு யு விசான்னு ஒன்னு இருக்கு, விசாரணைக்கு உதவினாங்கன்னு பெரும்பாலும் போலீஸ் கையெழுத்து வேணும். போலீஸ்கிட்டயே போகப் பயந்தா அந்தக் கையெழுத்து எங்கேர்ந்து வரும்? நீங்க சொன்ன குடும்பம் மாதிரி இதுவும் ஒரு குடும்பம் தம்பி.

இன்னும்_வரிசையில்:
அக்கா, அது என்னை உலுக்குது. ஆனா நான் கேட்கிறது அடிபட்டவங்களைப் பத்தி இல்ல, கைதாகி ஜெயிலுக்குள்ள இருக்கிறவங்களைப் பத்தி.

கறுப்புக்கோட்டு:
ஜெயிலுக்கு வருவோம். ஐஸ் அனுப்பும் ‘டீடெய்னர்’ என்பது ஒரு கோரிக்கைத் தாள். விடுதலையாக வேண்டியவரை மேலும் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள் என்று கேட்கும். அதில் இருப்பது குடியேற்ற அதிகாரியின் கையெழுத்து, நீதிபதியுடையது அல்ல. இந்தத் தாளை மட்டும் நம்பி ஒரு பெண்ணை வைத்திருந்த ஆரிகனின் கிளாக்கமஸ் கவுண்டி, அவருடைய அரசியல் சாசன உரிமையை மீறியதாக 2014இல் தீர்ப்பு வந்தது. ஐஸ் கேட்டு வைத்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது கவுண்டிதான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: எந்த ஊரில் கைதானாலும் கைரேகை எஃப்பிஐக்குப் போகிறது, அங்கிருந்து குடியேற்றத் துறைக்கும் போகிறது. சிகாகோவிலும் அப்படித்தான். யார் உள்ளே இருக்கிறார் என்பது ஐஸுக்குத் தெரியும். நீதிபதியிடம் போய்க் குற்ற வாரன்ட் வாங்கி வந்தால் ஒப்படைக்க இல்லினாயின் ‘டிரஸ்ட் ஆக்ட்’ என்ற மாநிலச் சட்டத்திலும் தடையில்லை. 2017இல் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட அப்போதைய ஆளுநர் புரூஸ் ரானர் குடியரசுக் கட்சிக்காரர்.

இன்னும்_வரிசையில்:
நீதிபதி கையெழுத்து இல்லாம ஒருத்தரைக் கூடுதலா ரெண்டு நாள் அடைச்சு வைக்கிறது தப்புன்னா, சரி, விட்டுடறேன். அடைக்க வேண்டாம். எந்தத் தேதியில வெளிய வர்றார்னு போன்ல சொல்லக் கூடவா கூடாது? கலிஃபோர்னியாவோட 2017 சட்டம் கூட கடுமையான குற்றத்துல தண்டனை ஆனவங்க விஷயத்துல அதுக்கு இடம் வச்சிருக்கு. இவங்க விஷயத்துல மட்டும் ஐஸுக்கு உதவலாம்னு சிகாகோ 2012ல வச்சிருந்த விதிவிலக்குகளை 2021ல மொத்தமா எடுத்துட்டுது. அது வீம்பு.

ஏரிக்கரை:
தண்டனை ஆனவங்க விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். அந்த விதிவிலக்கை எடுத்திருக்க வேண்டாம்னுதான் எனக்கும் படுது. விசில் குழுவுல இதைச் சொன்னா ரெண்டு பேர் என்கூடப் பேச மாட்டாங்க, பரவாயில்ல. ஆனா எடுத்ததுல போலீஸோட கேங் (ரவுடிக் கும்பல்) பட்டியல்ல பேர் இருக்கிறவங்களும் உண்டு. அந்தப் பட்டியல்ல எவ்வளவு பிழைன்னு நகரத்தோட இன்ஸ்பெக்டர் ஜெனரலே 2019ல அறிக்கை கொடுத்தார். வழக்கு முடியாதவங்களும் உண்டு. அவங்களைக் கொடுக்கச் சொன்னா மாட்டேன்.

இன்னும்_வரிசையில்:
2011ல ஓடினவரும் வழக்கு முடியாதவர்தானே? நீங்க போடுற கோட்டுல அவர் திரும்பவும் வெளியதான் வருவார்.

ஏரிக்கரை:
அன்னிக்கு ஜாமீன் பணம் கட்டினவர் வெளிய வரலாம், அவ்வளவுதான் கணக்கு. இல்லினாய்ல 2023 செப்டம்பர்லேர்ந்து பண ஜாமீனே கிடையாது. இந்த மாதிரிப் பெரிய வழக்குல, ஓடிப்போவார்னு தெரிஞ்சா நீதிபதி உள்ளயே வைக்கலாம். ஐஸ்கிட்டக் கொடுத்திருந்தா மட்டும் என்ன? விசாரணைக்கு முன்னாடியே நாடு கடத்தியிருந்தா அப்பவும் அவர் மெக்சிகோவுலதான் இருப்பார், கூண்டுல நிக்க மாட்டார். அந்தக் குடும்பம் கேட்டது விசாரணையைத்தானே?

இன்னும்_வரிசையில்:
இதை நான் இப்படி யோசிக்கல. தண்டனை ஆனவங்களைப் பத்திச் சொன்னதுல நான் மாறல. மீதியை ராத்திரி வந்து எழுதறேன், பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூப்பிடணும்.